திருடன் பார்க்க முடியாது, வீட்டுக்காரி பார்க்கலாம்

உலகத்துப் போன்களை எல்லாம் ஓட்டுவது இரண்டு பெரிய கம்பெனிகளின் இயங்குதளங்கள்தான். மூன்றாவதாக ஒன்றைச் செய்து விற்றே தீருவோம் என்று சிரம்பானில், ஒரு கடைவீட்டு மாடியில், பதினோரு பேர் கிளம்பியிருந்தோம். அதில் தமிழச்சி நான் ஒருத்தி. போன் திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் தமிழில் எழுதுவது என் வேலை. இரண்டு வருடம் அதையே எழுதினேன்.

எங்கள் பாஸ் ஒரு சீனர், தங்கமான மனிதர். அவருடைய விற்பனைத் திட்டமும் நல்ல திட்டம்தான். பட்டணத்தில் அந்த இரண்டு பேரோடு மோதினால் நசுங்கிப்போவோம், தமிழர்கள் வேலை செய்கிற தோட்டங்களுக்குப் போவோம், அங்கே இருக்கிற பழைய போன்களிலேயே நம்முடையதை இலவசமாக ஏற்றிக் கொடுத்துப் பெயர் வாங்குவோம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். கோப்பியைக் கலக்கிக்கொண்டே, "தமிழை யாரும் தேர்ந்தெடுப்பதே இல்லை. தோட்டத்திலும் எடுக்கவில்லை என்றால் அடுத்த பதிப்பில் தூக்கிவிடலாம்" என்றார். தோட்டத்துக்கு நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

லுக்குட் பக்கத்தில், எண்ணெய்க்காகப் பனை வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆபீசில் மனப்பாடம் செய்ததை உரக்கச் சொன்னேன். "உங்க போன்ல என்ன இருக்குன்னு இனிமே யாரும் பார்க்க முடியாது. யாருமே!"

ஆண்கள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. ஒருவர் கைதட்டவே செய்தார். பெண்கள் பக்கம் சத்தமே இல்லை. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

அடுத்த ஞாயிறு மேசை போட்டு, ஒயர்களைப் பரப்பி வைத்துக் காத்திருந்தேன். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. பதினொரு மணிக்கு ஒரு அக்கா மோட்டாரில் வந்து இறங்கினார். தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்கு அவர்தான் மண்டோர், வேலை வாங்கும் மேற்பார்வைக்காரி. அவர் குரல் கேட்டாலே ஆண்கள்கூட நடையை எட்டிப் போடுவார்கள்.

"நீ நல்ல பிள்ளதான்லா. ஆனா எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குப் பூட்டு விக்க வந்திருக்க. எந்தப் பொம்பள விடுவா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பூட்டு அவங்களுக்கு இல்லக்கா, பெரிய கம்பெனிக்காரங்களுக்கு! அவங்கதான் உங்க போனுக்குள்ள எல்லாத்தயும் பாக்குறாங்க!"

"பாத்தா பாத்துட்டுப் போறான். அவனா என்கூடக் குடும்பம் நடத்துறான்?"

அந்த நேரம் அவர் போன் அடித்தது, தெரியாத எண். அக்காவின் முகம் சட்டென்று வெளுத்துவிட்டது. நான் வாங்கிக் கேட்டேன். உங்கள் பெயரில் கோர்ட்டில் கேஸ் இருக்கிறது என்று ஒருவன் மலாயில் மிரட்டிக்கொண்டிருந்தான். ஏமாற்றுக்காரன். வைத்துவிட்டேன்.

"தெனமும் இப்படித்தான். எடுக்கவும் பயமா இருக்கு, எடுக்காம இருக்கவும் பயமா இருக்கு," என்றார் அக்கா.

ஒரு தோட்டத்தையே அதட்டி நடத்துகிற மனுஷி இப்படி நடுங்கியதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து இரண்டு வருடம் எழுதினேனே, இவரை ஒரு நாளாவது நினைத்தேனா? தெரியாத எண் வந்தால் எங்கள் போன் சிவப்புத் திரையில் எச்சரிக்கும், போனில் இருக்கும் எண்களைக் கண்ட செயலியும் எடுத்துக்கொண்டு போக விடாது என்று சொன்னேன்.

"அறிவு கெட்டவளே, இத மொதல்ல சொல்ல மாட்டியா?" என்று செல்லமாகத் திட்டினார். "திருடன் பாக்க முடியாது, வீட்டுக்காரி பாக்கலாம். இப்படிச் சொல்லு, கூட்டம் வரும்." கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். போனைத் திறக்கப் புருஷன் விரலோடு பெண்டாட்டி விரலையும் பதியவேண்டும்.

"அப்போ உங்க போன்ல அண்ணன் விரலும் பதியணுமேக்கா?"

"பதியட்டும். உள்ள என்ன இருக்கு? எல்லாம் பழக் குலை படம்தான்."

மூன்றாவது ஞாயிறு பாஸும் வந்தார். ஜோடி ஜோடியாக வரிசை, கல்யாண வீடு மாதிரி. பழம் வெட்டித் தேய்ந்துபோன ஆண்களின் விரல்களைப் போன் அடையாளமே காணவில்லை. பெண்கள் விரல் வைத்தால் பளிச்சென்று திறந்தது. "இனிமே உன் போனத் தொறக்க என்னத்தான் கூப்புடணும்!" என்று ஒருத்தி சொல்ல, மண்டபமே அதிர்ந்தது. ஆண்களுக்கு ரகசிய எண் போட்டுக் கொடுத்துச் சமாளித்தேன்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மொழி கேட்கிற முதல் திரையில் ஒவ்வொருவராக மலாயையே அழுத்திக்கொண்டிருந்தார்கள். வங்கி, கிளினிக் எல்லாவற்றிலும் பழகிய மொழி. மொழி எடுக்கும்போது நான் குறுக்கே பேசக் கூடாது என்பது பாஸோடு போட்ட ஒப்பந்தம். மண்டோர் அக்கா மட்டும் தமிழை அழுத்தியிருந்தார். பாஸ் என்னைப் பரிவோடு பார்த்தார். அதுதான் இன்னும் வலித்தது.

எல்லாம் முடிந்ததும் சோதனைக்காக என் எண்ணிலிருந்து ஒரு போனுக்கு அழைத்தேன். அது பழம் வெட்டும் ஒரு அண்ணனுடையது. அவர் மனைவி கையில் இருந்தது. சிவப்புத் திரை வந்ததும் அந்தப் பெண் போனைக் கீழே போட்டுவிட்டார். "ஐயோ, என்னமோ போட்டிருக்கு!" மலாய் வரிகளைப் படிக்கத் தெரியாமல், எச்சரிக்கையையே மிரட்டல் என்று நினைத்துவிட்டார்.

அடுத்து மண்டோர் அக்காவை அழைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற குரலில் வாசித்தார். "இவர் உங்களுக்குத் தெரிந்தவர் இல்லை. போலீஸ், கோர்ட்டு என்று சொன்னால் நம்பாதீர்கள். பயப்படாமல் வைத்துவிடுங்கள்." வாசித்துவிட்டு, "போடா!" என்று வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அது நான் எழுதிய வரி. என் வரியை ஒருவர் வாய்விட்டுப் படித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த அண்ணன் கீழே விழுந்த போனைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, இதத் தமிழுக்கு மாத்திக் குடும்மா. நான் பழம் வெட்டப் போயிட்டா போன வீட்டுலதான் வெச்சுட்டுப் போவேன். வீட்டுக்காரி தனியா இருக்கும். அது பயப்படக் கூடாது."

அவர் பின்னால் மறுபடியும் வரிசை நின்றது. என்ன கேட்கிறார்கள் என்றார் பாஸ். அண்ணனின் போனில் மொழித் திரையைத் திறந்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அந்த மனைவி குனிந்து, தன் விரலாலேயே 'தமிழ்' என்பதை அழுத்தினார்.

"அடுத்த பதிப்பிலும் இருக்கட்டும்," என்றார் பாஸ். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த போனைத் தானே கைநீட்டி வாங்கினார்.