சித்தப்பாவைப் பிடித்துக் கொடுத்தேன்

எங்கள் சித்தப்பா எழுதிய நாவல்களில் ஒருவரும் சாவதில்லை. அவர்மேல் எனக்கு வந்த முதல் சந்தேகம் அதுதான். அம்மா அந்த நாவல்களைப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். ஒளித்து வைக்கிற அளவுக்கு அவற்றில் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். ஒருத்தி ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பக்கம் தள்ளிப் பார்த்தேன். மழை விட்டிருந்தது, அவள் மட்டும் ஜன்னலை விடவில்லை. அவளுடைய புருஷன் எதிர்வீட்டு டீச்சரை நினைத்துப் பெருமூச்சு விட்டான். அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிட்டது. இதை எழுதி ஒருவர் மதராசில் குடும்பம் நடத்துகிறார் என்றால் எப்படி நம்புவது? வேறு ஏதோ தொழில் இருக்க வேண்டும், இது வெளியே சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு என்று பத்து வயதிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

நாங்கள் செஞ்சியில் பல தலைமுறையாக இருக்கிற சமணக் குடும்பம். அப்பாவை நைனா என்போம். அவருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். வீட்டில் வெங்காயம், பூண்டுகூட வராது. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட வேண்டும். விளக்கு வைத்தபின் குடிதண்ணீரோடு சரி. அம்மாவின் ஒரே தங்கையைத் தாய் தகப்பன் போனபிறகு வளர்த்து, மதராசுக்கு அனுப்பிப் படிக்க வைத்தவர் நைனா. படிக்கப்போன இடத்தில் சித்தி வேற்று சாதியைச் சேர்ந்த இந்த எழுத்தாளரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வளர்த்தவர் என்பதால் கோபமும் நைனாவுக்குத்தான் அதிகம். ஆறு வருஷம் சித்தியின் பேச்சை யாரும் வீட்டில் எடுத்ததில்லை.

சீனச் சண்டை முடிந்து வந்த தை மாதம் சித்தியிடமிருந்து கடிதம் வந்தது. அவள் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். சித்தப்பாவுக்குச் செஞ்சியில் ஒரு வேலை இருக்கிறதாம், ஒரு மாதம் வந்து தங்கலாமா என்று கேட்டிருந்தாள். கடிதத்தை நைனாவிடம் கொடுத்துவிட்டு அம்மா விரதத்தில் உட்கார்ந்துவிட்டாள். எங்களவர்களில் விரதம் இருப்பவரிடம் காரணம் கேட்கிற வழக்கம் இல்லை. ஆனால் இந்த விரதத்தின் காரணம் நைனாவுக்கு நன்றாகவே தெரியும். நான்காம் நாள் காலையில், "வரட்டும், இந்த வூட்ல இருக்கிற வரைக்கும் மாமிசம், முட்டை எதுவும் வாயில படக்கூடாது. உள்ளேயும் சரி, வெளியேயும் சரி. வாக்குக் குடுத்தா வரச்சொல்லு" என்றார். சித்தப்பா வாக்குக் கொடுத்துப் பதில் எழுதினார். அந்த ஒரு மாதம் ஒழுங்காகப் போனால் தலைப்பிரசவத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா நைனாவிடம் அரைச் சம்மதமும் வாங்கியிருந்தாள். சித்திக்கு எங்கள் வீட்டை விட்டால் வேறு தாய்வீடு கிடையாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

வந்து இறங்கிய சித்தப்பா வழுக்கைத் தலையும் பச்சைச் சட்டையுமாக இருந்தார். "என்ன வேலையா வந்திருக்கீங்க?" என்று கேட்டேன். "சும்மா, கோட்டையைப் பாக்கலாம்னு" என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். பெரியவர்கள் இருவர் நம் தலைக்கு மேலே சிரித்துக்கொண்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அப்போது எங்கள் ஊரில் சந்தேகப்படுவதற்குப் பஞ்சமே இல்லை. சண்டை முடிந்தும் வெளியூர்க்காரன் யாரைப் பார்த்தாலும் ஒற்றன் என்றார்கள். அதைவிடப் பெரிய சமாச்சாரம் புதையல். ராஜா காலத்துப் புதையல் கோட்டைக்குள் இருக்கிறது, அதை எடுக்கத் தலைச்சன் பிள்ளையைப் பலி கொடுக்க வேண்டும், அதற்காக ஆட்கள் மதராசிலிருந்து வருகிறார்கள் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கே தெரியும். நான் எங்கள் வீட்டுத் தலைச்சன். தம்பிக்கு அந்தக் கவலை இல்லாததால் கொழுத்துப்போயிருந்தான்.

சித்தப்பா எங்கள் இருவரையும் தினமும் கோட்டைக்குக் கூட்டிப்போனார். ராஜகிரி மலையில் பாறைப் பிளவைத் தாண்டுகிற மரப்பாலத்தின் நடுவில் நின்று, "இந்தப் பாலம் இல்லைன்னா நீ இதைத் தாண்டிடுவியா?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன், தலை சுற்றியது. இன்னொரு நாள் கோட்டையின் பழைய நெல் களஞ்சியத்துக்குள் என்னை நிறுத்திவிட்டு வெளியே போய், கத்து என்றார். கத்தினேன். "வெளியே கேக்கவே இல்லை" என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தார். என் குரல் வெளியே கேட்காததில் இவருக்கு என்ன சந்தோஷம்? மலை இறங்கும்போது, "நீதானே தலைச்சன்?" என்றார். "தலைச்சன் பொண்ணாப் பொறந்தா வீட்டுல எப்படி இருக்கும்? சொல்லேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினேன்.

வீட்டில் என் பயத்தைக் காதில் வாங்க ஆள் இல்லை. அம்மாவும் சித்தியும் எதிரெதிரே உட்கார்ந்து மல்லாட்டை உரிப்பார்கள். உரிப்பது கொஞ்சம், சிரிப்பது அதிகம். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நைனாகூட சித்தியிடம் நேராகப் பேசாமல், "ராத்திரி அவளுக்கு ஒரு டம்ளர் பாலு குடு, பாவம் புள்ளத்தாச்சி" என்று அம்மாவிடம் சொல்கிற அளவுக்கு இறங்கி வந்திருந்தார். பால் கொடுக்கப்பட்டது. எங்கள் வீட்டில் இருட்டியபின் ஒருவர் பால் குடித்தார் என்றால் அது சாதாரணம் இல்லை.

இரண்டாவது வாரம் சித்தப்பாவின் நோட்டுப் புத்தகம் ஒருநாள் திறந்தபடி கிடந்தது. படித்தேன். 'பெண்ணைக் களஞ்சியத்தில் அடைப்பது. கயிறு வேண்டும். தம்பி வேண்டாம், அழுது காரியத்தைக் கெடுப்பான். தலைச்சன் என்பது எப்போது தெரியவேண்டும்?' என்று எழுதியிருந்தது. தம்பியிடம் சொன்னேன். அவனுக்கு, தான் வேண்டாம் என்று எழுதியிருப்பதுதான் பெரிய வருத்தமாகப் போயிற்று. "நான் ஒண்ணும் அழமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அழுதான்.

சித்தப்பாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்களோடு ஐந்தரை மணிக்குச் சாப்பிடுவார். ஏழு மணிக்கு, "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று டார்ச் லைட்டோடு கிளம்பிவிடுவார். திரும்பும்போது வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார். மதராசில் எட்டரை மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய வயிறு அது என்று இப்போது தெரிகிறது. அப்போது, கூட்டாளிகளைப் பார்க்கப் போகிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டில் நோட்டு வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் புளுகிவிட்டுத் தம்பியையும் இழுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகைக்குள் நுழைந்தார். முன்பக்கம் பெஞ்சுகள் காலியாக இருந்தும் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கடைக்காரர் ஒன்றும் கேட்காமலே ஒரு தட்டில் மஞ்சளாக, வட்டமாக எதையோ வைத்துக் கொடுத்தார். சித்தப்பா அதைக் குனிந்து அவசர அவசரமாகத் தின்றார். பூசைக்கு முன்னால் தின்கிற மருந்து என்று தம்பியிடம் சொன்னேன். இருவரும் வீட்டுக்கு ஓடினோம்.

அவர் திரும்பி வரும்வரை காத்திருந்தேன். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். நடுவில் போய் நின்று, "நைனா, சித்தப்பா என்னைப் பலி குடுத்துப் பொதையல் எடுக்கப் போறாரு. நோட்டுல எழுதி வச்சிருக்காரு" என்றேன்.

முதலில் சித்தி சிரித்தாள், அம்மா சிரித்தாள், சித்தப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர்கள் வந்த நாள்முதல் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமலே இருந்த நைனாவும் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். சித்தப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, அது என்னன்னா..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் விட்டிருக்கலாம். உயிர் போகிற விஷயத்தை இப்படிச் சிரிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீங்க! தெனம் பொழுதுபோயி பஸ் ஸ்டாண்டாண்ட கொட்டாய்க்குப் போறாரு. மஞ்சளா இன்னாவோ குடுக்கறாங்க. ஒளிஞ்சி ஒளிஞ்சித் துண்றாரு. நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கொட்டகை எப்படிப்பட்ட கடை என்று எங்கள் இருவரைத் தவிர ஊருக்கே தெரியும். அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். ஒரு பொய் சொல்லுங்கள் என்று அவள் கெஞ்சிய பார்வை அது என்று இப்போது புரிகிறது. அன்று எனக்கு அவள் என் பக்கம் இருக்கிறாள் என்றே தோன்றியது.

"இன்னாது அது?" என்றார் நைனா.

"முட்டைங்க அண்ணே. ஆம்லெட். பசி தாங்கலை" என்றார் சித்தப்பா.

நைனா கத்தவில்லை. "வாக்குக் குடுத்தீங்களே" என்று மட்டும் சொன்னார். எழுந்து கிணற்றடிக்குப் போய், அந்தக் குளிரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர்கள் கிளம்பினார்கள். "தப்பு பண்ணது அவரு. அவ இன்னா பண்ணா? அவ மட்டுமாவது இருக்கட்டுங்க" என்று அம்மா நைனாவின் முன்னால் நின்றாள். நைனா பதில் சொல்வதற்குள் சித்தியே, "அவரைத் தனியா அனுப்பிட்டு நான் இருக்கமாட்டேன் அக்கா" என்று பெட்டியைத் தூக்கிவிட்டாள். புள்ளத்தாச்சி பெட்டியைத் தூக்குகிறாளே என்று அம்மா பதறி ஓடினாள். சித்தப்பா என்னிடம் வந்து குனிந்து, கோபமே இல்லாமல், "நீ ரொம்ப நல்லாப் பின்தொடர்ந்திருக்கே. எனக்குத் தெரியவே இல்லை" என்றார். மாட்டிக்கொண்டவன் மழுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த ஆனி மாதம் மதராசிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அதில் அம்மாவுக்கு ஒரு கடிதமும் எனக்கு ஒரு புத்தகமும் இருந்தன. புத்தகம் என்றால் அச்சடித்து அட்டை போட்டது இல்லை. சிறுவர் பத்திரிகை ஒன்றில் வாராவாரம் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். எழுதியவர் சித்தப்பா. பெரியவர்களுக்காக மழையையும் பெருமூச்சையும் எழுதிக்கொண்டிருந்தவர் குழந்தைகளுக்காக எழுதிய முதல் கதை அது, அதற்காகத்தான் செஞ்சிக்கு வந்தார் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முன்னாலேயே சொன்னால் குழந்தைகள் நம் எதிரில் நடிக்கும், சொல்லாதீர்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டாராம்.

ஒரே மூச்சில் படித்தேன். கோட்டை ஊரில் ஒரு பெண். எனக்கு உடைந்த அதே முன்பல் அவளுக்கும் உடைந்திருந்தது. யாரையும் நம்பமாட்டாள். மதராசிலிருந்து ஒரு வழுக்கைத் தலையன் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறான். இருட்டியதும் ஒளிந்துபோய் ஆம்லெட் தின்கிறான். ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. அவள் அசையவில்லை. களஞ்சியத்தில் அடைக்கிறார்கள், தப்பி வருகிறாள், ராஜகிரியில் பாலம் உடைந்த பிளவைத் தாண்டுகிறாள். கடைசியில் போலீஸ் விலங்கு மாட்டும்போது அந்த ஆள், 'ஊரில் எல்லோரையும் ஏமாற்றினேன், இந்தப் பெண்ணைத்தான் ஏமாற்ற முடியவில்லை' என்கிறான். வில்லனுக்குப் பெண்டாட்டி பிள்ளை யாரும் இல்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுக்களைக்கு ஓடினேன். அம்மா சித்தியின் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதராஸ் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, நான்கு நாள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தேன், அக்கா அக்கா என்று கூப்பிட்டேனாம் என்று சித்தி எழுதியிருந்த அந்தக் கடிதத்தைப் பல வருஷம் கழித்து, சித்தி அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வராமலே போனபிறகு, அம்மாவின் பெட்டியில் பார்த்தேன்.

"அம்மா, பாத்தியா! நான் சொன்னப்ப சிரிச்சீங்களே! அவரே எழுதி ஒத்துக்கினாரு!" என்று குதித்தேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினாள். "ஆமாண்டி. நீதான் கண்டுபுடிச்ச" என்றாள்.

இத்தனை நாள் கழித்தாவது அம்மா ஒத்துக்கொண்டாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய், எங்கள் சித்தப்பாவைப் பிடித்துக் கொடுத்தது நான்தான் என்று எல்லோரிடமும் காட்டினேன்.