வலிக்காத ஊசி

என் வீட்டுக்காரர் புதுக்கோட்டைக்கும் பொன்னமராவதிக்கும் பஸ் ஓட்டினவர். கூரை மேல் மூட்டையும் உள்ளே மூச்சுவிட இடமில்லாமல் ஆளுமாகப் போகிற பஸ்ஸை அலட்டிக்கொள்ளாமல் வளைப்பார். ஊசி என்றால் மட்டும் பச்சைப்பிள்ளை. அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் கழுத்தில் கட்டி வந்தது. மதராஸில் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். அவரிடம், நெறி கட்டியிருக்கிறது, ஊசி போட்டால் கரைந்துவிடும் என்றோம். அப்போதெல்லாம் நோயாளியிடம் அந்தப் பெயரைச் சொல்கிற வழக்கமே கிடையாது. காதில் விழுந்தால் ஆள் அப்போதே பாதியாகிவிடுவார் என்று எல்லாரும் நம்பினோம். நானும்தான்.

வாராவாரம் நரம்பில் மருந்து ஏற்ற, டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். எல்லாருக்கும் ஒரே ஊசிதான். கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். முனை மழுங்கினால் கல்லில் தேய்த்துக்கொள்வார்கள். கம்பவுண்டர் இங்கிட்டுக் குத்துவார், அங்கிட்டுக் குத்துவார், நரம்பு அகப்படாது. "ஆடாம இருய்யா" என்று அதட்டல் வேறு. போகப்போக நரம்பெல்லாம் கயிறாக இறுகிவிட்டது. ஒருநாள் கையெல்லாம் கன்றிப்போய் வெளியே வந்தவர், "செத்தாலும் சாகுறேன், இனிமே இங்க வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கல்லவா தெரியும். நேரே டாக்டரிடம் போய்க் கத்தினேன். "மாட்டுக்குக்கூட இப்படிக் குத்தமாட்டாக. அவரு ஊசிக்குப் பயந்து வராம நின்னுட்டா, நீங்களா எனக்குப் பதில் சொல்லுவீங்க?" டாக்டர் கோபப்படவில்லை. மெல்லிசான புது ஊசி வரவழைக்கிறேன், அவரை எப்படியாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப்போனேன். நர்சம்மா ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து அவர் கையை முக்கி வைத்தார். நரம்பு எழும்பிய பிறகு, குத்துகிற இடத்தில் துணியில் சுற்றிய ஐஸை வைத்து மரத்துப்போக விட்டார். டாக்டரே வந்து, "வலிச்சாச் சொல்லுங்கண்ணே, உடனே நிறுத்திடுறேன்" என்றார். ஊசி ஏறியதுகூட இவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

குதிரை வண்டியில் திரும்பினோம். என் சாமர்த்தியத்தை மெச்சுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வந்திருக்கிறது புத்துதானே?" என்றார்.

நான் சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன். "யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"யாரும் சொல்லல. பஸ்ஸுல தெனம் பாக்குறேன்ல. காச்சக்காரன் ஏறுனா, தள்ளி ஒக்காருன்னு கண்டக்டர் கத்துவான். பொழைக்காதுன்னு ஆஸ்பத்திரியில அனுப்பிச்சுவிட்ட ஆளத் தூக்கிட்டு வந்தா, பூராப் பேரும் எந்திரிச்சு எடம் விடுவாக. ஒருத்தரும் சத்தம் போடமாட்டாக. இன்னைக்கு அந்த டாக்டரு எங்கிட்ட அப்படித்தான் பேசுனாரு."

எத்தனை மாதமாகக் கட்டிக் காத்த பொய்! ஒரு பேசின் வெந்நீர் அதைச் சொல்லிவிட்டது. அதற்கு ஏற்பாடு செய்தவளும் நான்தான். எனக்கு அழுகைதான் வந்தது. இனி ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன். அவரோ, "வலிக்கவே இல்ல. இப்படியே போட்டா அடுத்த வாரமும் வாரேன்" என்றார். அது எனக்கு இன்னொரு அதிர்ச்சி.

மறுவாரம் போனபோது, நரம்பில் ஊசி போட வருகிற எல்லாருக்குமே நர்சம்மா பேசினும் ஐஸும் வைக்க ஆரம்பித்திருந்தார். பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் வல்லத்திராக்கோட்டை விவசாயி ஒருவர் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தார். ரத்தம் குறைந்திருக்கிறதாம், அதற்குத்தான் ஊசி என்று என்னிடம் சொன்னார். அது நிஜமா, வீட்டார் சொன்ன பொய்யா, எனக்குத் தெரியாது.

கம்பவுண்டர் பழக்க தோஷத்தில் பழைய ஊசியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் வந்தார். இவர் கையை இழுத்துக்கொண்டார். பஸ்ஸில் பேசுகிற அதே குரலில், "தம்பி, எனக்கு வந்திருக்கிறது புத்துநோயி. அந்தச் சின்ன ஊசியக் கொண்டா, தண்ணியும் ஐஸும் கொண்டா" என்றார். அந்த வார்த்தையை அவ்வளவு பேர் நடுவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

விவசாயி அவரைப் பார்த்தார். பிறகு தன் கை கிடந்த பேசினைப் பார்த்தார். மெல்லக் கையை வெளியே எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"நர்சம்மா, எனக்கு இதெல்லாம் வேணாம்மா. எப்பயும் போல வலிக்கவே போட்டுவிட்டுருங்க."