அறுபத்துநான்கு சாவிகள்

என் கணவரை அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவர் சாவி அண்ணன், பெரியவர்களுக்குச் சாவிக்காரர். அவர் நடந்து வந்தால் இடுப்பு வளையம் குலுங்கும் சத்தம் முன்னால் வரும். அது கேட்டதும் வகுப்பு அடங்கிவிடுமாம். "நான் கத்தித் தொண்டை கட்டினதுதான் மிச்சம். நீங்க ஒரு தரம் இந்தப் பக்கம் நடந்துட்டுப் போங்கண்ணே" என்று கணக்கு டீச்சர் கேட்டுக்கொண்டதை வீட்டில் வந்து பத்து முறையாவது சொல்லியிருப்பார்.

வளையத்தில் அறுபத்துநான்கு சாவிகள். எதிலும் எண் கிடையாது, சீட்டு கிடையாது. எல்லாம் அவர் விரலில் இருந்தது. வேறு யாருடனோ பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமல், சரியான சாவியை எடுத்துப் பூட்டில் விடுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். பல் உடைந்தது பொக்கை. நீளமானது மூக்கன். கழுத்து வளைந்தது கோணையன். பளபளவென்று புதிதாகச் சேர்ந்தது மாப்பிள்ளை. "இன்னைக்கு மாப்பிள்ளை ரொம்ப முறுக்கிக்கிட்டான். ரெண்டு சொட்டு எண்ணெய் காட்டினதும் வழிக்கு வந்துட்டான்" என்று அவர் ஒருநாள் சொன்னதைக் கேட்டு, தன் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறார் என்று என் தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வளையத்தைக் கொண்டுவந்து காட்டிச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

புதிதாக வந்த தலைமையாசிரியை முதல் வாரமே சொன்னார்: "எல்லாத்துக்கும் நம்பர் போட்டுக் கட்டிடுங்களேன்."

"கட்டிடலாம் மேடம்" என்றார் இவர். கட்டவில்லை. மூன்று முறை கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தபோது நானே கேட்டேன்.

"நம்பர் போட்டா யார் வேணா திறப்பாங்க" என்றார்.

"அதுக்குத்தானே கேக்கறாங்க?"

"அப்புறம் நான் எதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அன்று இரண்டாவது டம்ளர் டீ வேண்டாமென்று எழுந்து போய்விட்டார்.

அந்தத் தலைமையாசிரியைதான் அவருக்கு விருது வாங்கித் தந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிகளில் பாடம் நடத்தாமல் மற்ற வேலைகளைப் பார்ப்பவர்களுக்காகக் கல்வி அலுவலகம் ஆண்டுதோறும் தரும் விருது. கடிதம் வந்ததும் என்னிடம் நீட்டி, "கடைசி வரியை மட்டும் இன்னொரு தரம் படி" என்றார். 'இருபத்திரண்டு ஆண்டுகளில் இப்பள்ளியின் எந்தக் கதவும் ஒருநாளும் தாமதமாகத் திறந்ததில்லை.' நான் நான்கு தரம் படித்தேன்.

விழா நாளும் பரீட்சையின் முதல் நாளும் ஒன்றாக வந்துவிட்டன. அவர் தயங்கினார். "ஒரு நாள்தானே, நான் பாத்துக்கறேன்" என்று தலைமையாசிரியை விரட்டினார். விழாவுக்கு முந்தின சாயங்காலம் இவர் உட்கார்ந்து ஒவ்வொரு சாவியாக அறிமுகம் செய்துவைத்தார். அந்தம்மாவும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் அவர் கை இடுப்புக்குப் போய்ப் போய் வந்தது.

"என்ன, கைக்குழந்தையை விட்டுட்டு வந்த மாதிரி இருக்கீங்க?" என்றேன்.

"அறுபத்துநாலு" என்றார்.

மண்டபத்தில் விருது வாங்குபவர்களுக்கு முதல் வரிசை. சமையல்காரம்மா, காவலாளி, பஸ் டிரைவர், கடைசியில் இவர். நான் அவருக்கு நேர் பின்னால், இரண்டாவது வரிசையில். ஒன்பதே முக்காலுக்கு இவர் போன் அதிர்ந்தது. தலைமையாசிரியையின் குரல் என் காதுக்கே கேட்டது.

"அண்ணே, கேள்வித்தாள் அலமாரி திறக்கல. கோணையன்னு எழுதியிருக்கேன். இதுல நாலு சாவி கோணையாத்தான் இருக்கு."

"ஒண்ணுதான் மேடம் கோணை. மத்ததெல்லாம் லேசாச் சாய்ஞ்சிருக்கும்."

"பத்து மணிக்குப் பரீட்சை. தோட்டக்காரர் சுத்தியலோட நிக்கறார்."

இவர் எழுந்தே விட்டார். "அவனை முதல்ல சுத்தியலைக் கீழே வைக்கச் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து மேடையில் இவரை அழைத்தார்கள். காதில் போனோடு படியேறினார். ஒலிபெருக்கியில் பாராட்டுரை ஓடிக்கொண்டிருந்தது: "எந்தக் கதவும் ஒருநாளும் தாமதமாகத் திறந்ததில்லை." கேடயத்தோடு நின்ற பெண் அதிகாரியிடம் இவர் ஒரு விரலைக் காட்டினார்.

"ஒரு நிமிஷம் மேடம். பள்ளிக்கூடத்துல அலமாரி திறக்கல. பத்து மணிக்குப் பரீட்சை."

அதிகாரி கேடயத்தை மேசையில் வைத்தார். "முதல்ல அதைப் பாருங்க."

மைக் பக்கத்திலேயே இருந்தது. அதன் பிறகு நடந்ததை மண்டபமே கேட்டது.

"மேடம், முதல்ல மாப்பிள்ளையைப் பிடிங்க. பளபளன்னு இருப்பான். பிடிச்சாச்சா? இப்ப கண்ணை மூடிக்கோங்க."

"எதுக்கு?"

"கண்ணு ஏமாத்தும் மேடம். அவன்கிட்டேருந்து மூணு மூணாத் தடவிப் பாருங்க. ரெண்டு பக்கமும். கட்டைவிரல் உக்கார்ற மாதிரி ஒருத்தன் கழுத்துல பள்ளம் இருக்கும்."

முந்நூறு பேர் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். சமையல்காரம்மா தன் கட்டைவிரலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு" என்றது போன்.

"முழுசா உள்ளே விடாதீங்க. முக்கால் விட்டு, கொஞ்சம் மேலே தூக்கித் திருப்புங்க."

டக்கென்ற சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. மணி ஒன்பது ஐம்பத்துநான்கு. அப்படியொரு கைதட்டலை அந்த மண்டபம் வேறு யாருக்கும் தந்திருக்காது. சிரிப்பை அடக்க முடியாமல் அதிகாரி கேடயத்தைக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது கேடயம் என் மடியில் இருந்தது. பாதி வழியில் அவர் ஆரம்பித்தார்.

"எல்லாரும் தட்டினாங்க, பாத்தியா?"

"பாத்தேனே."

"எதுக்குத் தட்டினாங்க? என் வேலையில இருந்த ஓட்டையைப் பாத்துத் தட்டினாங்க. அந்தம்மா அஞ்சு மாசமாச் சொன்னாங்க. நான்தான் வீம்புக்குச் செய்யல. இன்னும் ஆறு நிமிஷம் போயிருந்தா அந்தக் கடைசி வரி பொய்." என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "உன் கையெழுத்து நல்லாருக்கும்ல?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடம் முழுக்கச் சாவிகள். தகரத் துண்டுகளில் நான் எண் எழுத எழுத, அவர் கம்பி கோத்துக் கட்டினார். எந்த எண் எந்தக் கதவு என்று ஒரு பெரிய அட்டையும் எழுதினோம். ஒவ்வொரு தகரத்தின் பின்பக்கமும் பட்டப்பெயரைச் சின்னதாக எழுதச் சொன்னார். "நம்பர் ஊருக்கு, பேர் அதுங்களுக்கு" என்றார்.

அட்டையை அலுவலகச் சுவரில் மாட்டியபோது தலைமையாசிரியை சொன்னாராம்: "இதை அன்னைக்கே செஞ்சிருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு நின்னிருக்க வேணாம்."

"அது யாருக்கும் தெரியாது மேடம்."

"முந்நூறு பேருக்குத் தெரியும்."

அதன் பிறகு வளையம் அவர் இடுப்பில் இல்லை, அலுவலக ஆணியில் தொங்கியது. யார் கேட்டாலும் எடுத்துத் திறக்கச் சொல்வார். திணறினால் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார், வாயைத் திறக்க மாட்டார். அப்படியே நான்கு வருடம்.

போன மாதம், பரீட்சை வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, விடிவதற்கு முன் தூக்கத்திலேயே அவர் போய்விட்டார். அவர் போன் என் பக்கத்திலேயே இருந்தது. எட்டரை ஆனது, ஒன்பது ஆனது, பத்தும் ஆனது. யார் யாரோ அழைத்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை.

மதியம் பரீட்சை முடிந்ததும் தலைமையாசிரியையும் தோட்டக்காரரும் வந்தார்கள். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முதலில் வந்த வார்த்தை, "கதவெல்லாம்?"

"எட்டரைக்கே திறந்தாச்சும்மா. இவர்தான் திறந்தார். ஒண்ணு பாக்கியில்லாம."

தோட்டக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளைதான் கொஞ்சம் முறுக்கினான்க்கா" என்றார். "ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன்."