வேலையை நிறுத்தவிடாத உத்தரவும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் பொள்ளாச்சியில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே காலமானதால் குடும்பச் சுமை அவர் தலையில் விழுந்தது. சென்னையில் விமானப் பராமரிப்பு படித்து, துபாயில் சில காலம் இருந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டெக்சாஸ் வந்து பிளானோவில் குடியேறினார். என்னைப் படிக்கவைத்து நியூஜெர்சிக்கு வரவழைத்தவரும் அவரே. கோபக்காரர்தான்; ஆனால் சாப்பிட உட்கார்ந்தவரிடம் கோபத்தைக் காட்ட மாட்டார்.

விமான நிறுவனம் ஒன்றில் மெக்கானிக்காக இருந்தார். ஆள் பற்றாதபோதெல்லாம் ஷிப்ட் முடிந்தவர்களையும் வீட்டுக்கு விடாமல் கட்டாய ஓவர்டைம் போட்டார்கள். இதயநோய் வந்த பிறகும் அண்ணனுக்கு விலக்கு கிடைக்கவில்லை. “தூங்கி வழிஞ்சுக்கிட்டே நான் டைட் பண்ற போல்ட்டை நம்பி நீ ஏறுவியாடா?” என்று என்னிடம் கேட்பார். அந்த ஓவர்டைமை நிறுத்தத்தான் தொழிற்சங்கம் கேட்டது. கோரிக்கை வருடக்கணக்கில் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. கடைசியில் வேலைநிறுத்தம் என்று முடிவானதும், நாட்டின் போக்குவரத்து பாதிக்கப்படும் என்று அரசாங்கம் குறுக்கிட்டது. அதிபர் ஒரு குழு அமைத்தார். அது விசாரித்து முடிக்கும்வரை யாரும் வேலையை நிறுத்தக் கூடாது. சட்டம் அப்படித்தானாம். ஓவர்டைமை நிறுத்தச் சொல்லி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

அந்த வாரம் அண்ணனின் பக்கத்து வீட்டு சாஃப்ட்வேர் இளைஞர் நிம்மதியாக வந்தார். “நல்லவேளை அங்கிள், பிரெசிடென்ட் ஸ்ட்ரைக்கை ஸ்டாப் பண்ணிட்டார். இல்லேன்னா எங்க இந்தியா டிரிப் கேன்சல் ஆயிருக்கும்.”

அண்ணன் அவர் கையில் காபியைக் கொடுத்துவிட்டு, “பிளேன் ஓடணும்னு சொல்ல கவர்மென்ட் இருக்கு தம்பி. என்னை வீட்டுக்குப் போய்த் தூங்குன்னு சொல்ல யார் இருக்கா?” என்றார்.

குழு அறிக்கை தருவதற்குள், இரட்டை ஷிப்ட் முடித்து வந்த அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். வேலைதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஓராண்டாகியும் என் ஆத்திரம் அடங்கவில்லை. நிறுவனத்தோடு போட்ட புதிய ஒப்பந்தத்தில் கட்டாய ஓவர்டைமைக் குறைத்துவிட்டதாகச் சங்கத்தார் அண்ணியிடம் வந்து சொன்னார்கள். “இனி எனக்கு அதனால என்ன?” என்றார் அண்ணி.

இறுதிச் சடங்குக்கு நியூஜெர்சியிலிருந்தும் சான் ரமோனிலிருந்தும் விமானம் ஏறி வந்த உறவினர்களுக்கும், காரியம் முடியும்வரை அண்ணியைத் தனியே விடாமல் சமைத்துக் கொடுத்த பிளானோ தமிழ்க் குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி. அண்ணனோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூட அன்று வர முடியவில்லை. அவர்களுக்கும் நன்றி. அண்ணனின் ஷிப்டுக்கு ஆள் இல்லையென்று அன்று அவர்களை வீட்டுக்கு விடவில்லை.