கண் எரிகிறது என்று பாய் சொன்னபோது

மூன்று வருடங்களுக்கு முன்பு, கோவளம் பக்கம் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். அம்மோனியா வாயுவை வைத்து உறைய வைத்த ஐஸ் கட்டிகளை மீன்பிடிப் படகுகளுக்குப் போடுகிற இடம். தினமும் காலையில் டீ குடித்தபடியே ஒரு மீட்டிங் நடக்கும். நான் நடத்துவதாகப் பெயர். உண்மையில் நான் ஜோக்கடிப்பேன், மற்றவர்கள் சிரிப்பார்கள், மேனேஜர் நோட்டில் கையெழுத்துப் போடுவார்.

எங்கள் மெக்கானிக்கை 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்று அவரே வாய் திறந்தார்.

"அண்ணாத்த, அம்மோனியா வால்வாண்ட நின்னா கண்ணு எரியுது."

எல்லோரும் ஆச்சரியமாகத் திரும்பினார்கள். என்னால் சும்மா இருக்க முடியுமா?

"பாயே பேசிட்டாரு, இன்னிக்கு மழைதான். வூட்ல அழுதுட்டு வந்து வால்வு மேல பழி போட்ற, இன்னா பாய்?"

ஒரே சிரிப்பு. பாயும் டீ கிளாஸைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு அடங்கிவிட்டார். மேனேஜர் நோட்டை மூடினார்.

இரண்டாம் நாள் விடிகாலை அந்த வால்வு பிய்த்துக்கொண்டது. குபுகுபுவென்று வெள்ளைப் புகை. காற்றுக்கு எதிராக ஓட வேண்டும் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவனே நான்தான். என் கால்களோ கடலைப் பார்த்து ஓடின. விடிகாலையில் எங்கள் கரையில் காற்றும் கடலைப் பார்த்துத்தான் வீசும். ஆக, புகையும் நானும் ஒன்றாக ஓடினோம். கையில் டீ கிளாஸ் வேறு, பத்திரமாகப் பிடித்திருந்தேனாம்.

பின்னாலிருந்து யாரோ காலரைப் பிடித்து இழுத்தார்கள். பாய்.

"அந்தாண்ட போவாத அண்ணாத்த. ரோட்டுப் பக்கம் ஓடு."

என்னைத் தள்ளிவிட்டு, ஈரத்துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு மெயின் வால்வை மூட உள்ளே போனார். மூடியும் விட்டார். அவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த நான்கு பேரில் நான் இல்லை. ரோட்டில் நின்று இருமிக்கொண்டிருந்தேன்.

பாய்க்கு ஒரு கண் போய்விட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்து, அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"ரெண்டு நாளாவே எரியுதுன்னாருண்ணே. லீவு போடுங்கன்னேன். 'மீட்டிங்ல சொல்லிட்டேன், அண்ணாத்த பாத்துப்பாரு'ன்னாரு."

நான் அடித்த ஜோக்கைப் பற்றி பாய் வீட்டில் மூச்சு விடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது வேறு இடத்தில் வேலை. ஜோக்கை விட்டுவிட்டேன் என்றால் பொய். ஆனால் யாராவது மெல்லிய குரலில் எதையாவது ஆரம்பித்தால் வாயை இறுக மூடிக்கொள்கிறேன். அந்தச் சகோதரி இன்றும் பெருநாளைக்கு எனக்குப் பிரியாணி கொடுத்தனுப்புகிறார். அன்று அவர் கணவர் சொன்னதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை மட்டும், இவ்வளவு பேசுகிற என்னால் இதுவரை அவரிடம் சொல்ல முடியவில்லை.