பசுமை நாயகர்களுக்குக் கேடயம் செய்த கதை

கேடயம் விற்கிறவர்களுக்கு ஊரில் யார் யாருக்கு மரியாதை நடக்கப்போகிறது என்பது மற்ற எல்லாரையும்விட முன்பே தெரிந்துவிடும். அந்த மரியாதையில் ஒரு துளிகூட அவர்கள் பக்கம் சிந்தாது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளைத் தாண்டி, மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது என் கடை. கேடயம், கோப்பை, பொன்னாடை எல்லாம் கிடைக்கும். பந்தல் போடுகிறவர்களே, மாலை கட்டுகிறவர்களே, சாப்பாடு எடுத்துச் செய்கிறவர்களே, அடுத்தவர் விழாவில் வியர்வை சிந்துகிற என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நம் கஷ்டம் புரியாது.

கனம் வேண்டும்

கிள்ளானில் ஒரு சங்கம். தத்தம் வட்டாரத்தில் சுற்றுச்சூழலுக்குப் புதுமையாக ஏதாவது செய்த ஐந்து உள்ளூர்த் தலைவர்களுக்குப் ‘பசுமை நாயகர்’ விருது கொடுப்பதாக முடிவு செய்தார்கள். சங்கத்துச் செயலாளர் குணா கடைக்கு வந்து, பச்சைக் கண்ணாடிக் கேடயத்தைத் தொட்டுக் காட்டினார். அதற்கு வெல்வெட் பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு, பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் உறை. பசுமை விருதுக்கு இதென்ன கோலம் என்று நான் ரப்பர் மரப் பலகையைக் காட்டினேன். மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் மிஞ்சும் துண்டுகள்தான். இழைத்து மெருகு போட்டால் கண்ணைப் பறிக்கும்.

குணா நல்ல மனிதர், உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் பலகையைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. “ஐடியா நல்லாத்தான் இருக்கு அக்கா, ஆனா வெயிட் பத்தலலா. கையில வாங்குறப்போ தோள் கொஞ்சம் இறங்கணும், அப்பத்தான் போட்டோவுல விருதுன்னு தெரியும்!”

பொன்னாடை வேண்டாத தலைவர்

ஐவரில் ஒருவர் செந்தூலில் ஒரு கோயில் தலைவர். கோயிலில் சேர்ந்துபோன பழைய பொன்னாடைகளை எல்லாம் பைகளாகத் தைத்து, பிரசாதத்துக்குப் பிளாஸ்டிக் பை கொடுப்பதையே நிறுத்தியவர். பொன்னாடையை ஒழித்த இந்த மனிதருக்குச் சங்கம் தரப்போகிற முதல் மரியாதை எது தெரியுமா? பொன்னாடை! எனக்கே வெட்கமாகிவிட்டது. அவருக்குப் போன் போட்டு, “ஐயா, உங்களுக்கு மட்டும் பொன்னாடை வேண்டாம்னு சொல்லிடட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் பதறிப்போய்ச் சொன்னார்: “சொல்லிடாதீங்கம்மா, ஒண்ணுல மூணு பை வரும். முடிஞ்சா எனக்கு ரெண்டா போர்த்தச் சொல்லுங்க!”

பெயர் சிறியது, இடம் பெரியது

இன்னொருவர் பண்டமாரானில் ஓர் அடுக்குமாடியின் குடியிருப்பாளர் குழுத் தலைவி, சிவகாமி அக்கா. ஐந்தாம் புளோக்கின் பின்னால், பழைய மெத்தைகளையும் உடைந்த நாற்காலிகளையும் எறிந்துவைத்திருந்த மூலையை ஆள் சேர்த்துச் சுத்தம் செய்தவர். நூறு வீட்டு அடுப்படிக் கழிவையும் வாங்கி உரமாக்கி, அங்கே வெண்டையும் கத்திரியும் போட்டிருக்கிறார். லோங்காங் சாக்கடை நாற்றம் போன இடத்தில் இப்போது கறிவேப்பிலை வாசம்.

விருது பெறுகிறவர்கள் கடைக்கு வருவது அபூர்வம். அவர் வேலை மெனக்கெட்டு ரயில் ஏறி வந்தார். வந்த காரணத்தையும் மறைக்கவில்லை. அந்த மூலையை மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடமாக மாற்ற அடுக்குமாடி நிர்வாகக் குழு துடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விருது, மறுநாள் திங்கட்கிழமை கூட்டம். கேடயத்தைக் கூட்டத்து மேசையில் வைத்துப் பேசினால் தோட்டம் தப்பிக்கும் என்பது அவர் கணக்கு. இத்தனை வருடத்தில் என் கேடயத்தை அலமாரியில் வைக்கத்தான் கேட்டிருக்கிறார்கள். சண்டைக்குக் கொண்டுபோக யாரும் கேட்டதில்லை. எழுத்து எந்த அளவில் வேண்டும் என்று கேட்டேன்.

“என் பேரு எறும்பு மாதிரி இருந்தாலும் பரவாயில்ல தங்கச்சி, ‘ஐந்தாம் புளோக் பின்புறத் தோட்டம்’னு மட்டும் நல்லா பெருசா போடுங்க.”

வளர்ந்துகொண்டே போன பட்டியல்

நம்மவர் விழாக்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மரியாதை செய்ய வருகிறவருக்கும் மரியாதை செய்தாக வேண்டும். விருதை எடுத்துக் கொடுக்கிற பிரமுகர் வெறும் கையோடு மேடையை விட்டு இறங்கினால் அடுத்த வருடம் நன்கொடை இறங்காது. ஆகவே குணாவின் வாட்ஸ்அப் பட்டியல் நாளுக்கு நாள் வளர்ந்தது. நாயகர்கள் ஐவர்தான், பிரமுகர்கள் பதின்மூன்று பேர் ஆகிவிட்டார்கள். பிரமுகர் பலகை நாயகர் பலகையைவிட ஓர் அங்குலம்கூடக் குறையக்கூடாது என்று உத்தரவு வேறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம், தலைமை தாங்க, டத்தோ என்ற அரசுப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் சம்மதித்துவிட்டார் என்று பதினான்காவது பெயர் வந்தது.

எழுத்துப் பொறிக்கிற காதர் பாய் எல்லாப் பெயர்களையும் முதலில் பொறித்து, பிறகு பிரமுகர்களை ஓர் அடுக்காகவும் நாயகர்களை ஓர் அடுக்காகவும் வைத்து, பெயருக்குக் கீழே வாசகங்களை இறக்கினார். நான் பெயர்களை மட்டும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். பெயர் தவறினால்தானே வீடு தேடி வந்து சண்டை போடுவார்கள்? வாசகத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று கேட்டதற்குப் பாய் சிரித்தார்: “இருவது வருசமா அடிக்கிறேன் தங்கச்சி, கீழ இருக்கிறத இதுவரைக்கும் எவனும் படிச்சதில்ல.”

காகிதமில்லா விழா

படித்தார்கள். பசுமை விழா அல்லவா, அழைப்பிதழ் கிடையாது, நிகழ்ச்சி நிரல் கிடையாது, அறிவிப்பாளர் கையில் குறிப்பும் கிடையாது. ஒரு தாளும் வீணாகக்கூடாது என்பது குணாவின் ஏற்பாடு. அறிவிப்பாளருக்கு வாசிக்க இருந்தது கேடயம் ஒன்றுதான்.

பெட்டிகளை இறக்கிவிட்டு நான் மண்டபத்தின் பின்கதவோரம் நின்றிருந்தேன். முதல் மரியாதை டத்தோவுக்கு. அறிவிப்பாளர் பலகையைக் கையில் எடுத்து வெண்கலக் குரலில் முழங்கினார்: “சமையல் கழிவை உரமாக்கி, பண்டமாரான் ஐந்தாம் புளோக் பின்புறத் தோட்டத்தை உருவாக்கிக் காத்து வரும் அரும்பணிக்காக!” அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியாகச் சேர்ந்த டத்தோவின் பலகை நாயகர் அடுக்கிலும், சிவகாமி அக்காவின் பலகை பிரமுகர் அடுக்கிலும் போய் உட்கார்ந்திருக்கின்றன. கூட்டம் கைதட்டியது. டத்தோ கண் இமைக்கவில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்து, “இது என் ஒருவனுடைய முயற்சி இல்லை” என்று அடக்கத்தோடு ஆரம்பித்து, “அந்தத் தோட்டத்துக்கு ஓர் ஆபத்தும் வர விடமாட்டேன்” என்று முடித்தார்.

அரைமணி நேரம் கழித்து சிவகாமி அக்காவை, பண்டமாரான் என்று ஊரையும் சொல்லி அழைத்தார்கள். “விழாவுக்கு வருகை தந்து சிறப்பித்தமைக்காக!” என்று வாசித்தார்கள். அதற்கும் அதே கைதட்டல். அவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுகை வந்தது எனக்குத்தான். மறுநாள் கூட்டத்துக்கு இதை எடுத்துப்போய் என்ன சொல்வார்? தேநீர் வேளையில் மன்னிப்புக் கேட்க ஓடினேன். எனக்கு முன்பே டத்தோ அவர் பக்கத்தில் போய் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்: “ஏம்மா, நீங்க பண்டமாரான்தானே? இந்த அஞ்சாம் புளோக் எங்க இருக்கு?”

பண்டமாரானில் ஒரு பை வெண்டைக்காய்

மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாகச் சரியான வாசகத்தோடு புதுப் பலகை ஒன்று செய்தோம். பாய் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஆனாலும் கூட்டத்துக்கு முன் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. புதன்கிழமைதான் எடுத்துக்கொண்டு போனேன். மூலையில் வண்டிகள் நிற்கும், செடி இருக்காது என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டே ஐந்தாம் புளோக்கைச் சுற்றிப் போனேன். வெண்டைச் செடிகள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. நடுவில் சிவகாமி அக்கா காய் பறித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விழா முடிந்த கையோடு அக்கா டத்தோவை அவருடைய காரிலேயே இங்கே கூட்டிவந்துவிட்டாராம். ஒரு கையில் கேடயம், ஒரு கையில் வெண்டைக்காயோடு அவரைத் தோட்டத்தில் நிறுத்தி எடுத்த படம் மறுநாள் கூட்டத்து மேசைக்குப் போயிருக்கிறது. நிறுத்துமிடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையாம். புதுப் பலகையை அவர் கையில் கொடுத்து, டத்தோவிடம் இருப்பதையும் வாங்கித் திருத்திவிடுகிறேன் என்று சொன்னேன். ஒரு பை வெண்டைக்காயை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: “ஐயோ, அத மட்டும் தொடாதீங்க தங்கச்சி! என் பேரு போட்டத கொண்டுபோயிருந்தா ‘சந்தோசம்மா, வீட்டுல மாட்டுங்க’ன்னு சொல்லிட்டு அன்னைக்கே பார்க்கிங் கோடு போட்டிருப்பானுங்க. இப்ப டத்தோவோட தோட்டம்னு நினைச்சு, நிர்வாகக் குழு தலைவரே காலையில வந்து தண்ணி ஊத்திட்டுப் போறாருலா!”

ஆகவே தொழில்முறையில் சொல்கிறேன், நம் ஊரில் ஒரு தோட்டம் பிழைத்துக் கிடக்க, பாடுபட ஓர் அக்காவும் பெயருக்கு ஒரு டத்தோவும் வேண்டும், இருவரையும் சேர்த்துவைக்கப் பாதியை மட்டும் சரிபார்க்கும் ஒரு கடைக்காரியும் வேண்டும்.