தனபால் அண்ணனின் சுத்தமும் அஞ்சலை அக்காவின் மஞ்சளும்

நிலத்தைச் சும்மா விடச் சொல்லிக் கெஞ்சுவதுதான் என் தொழில். இதைவிட அலைச்சல் பிடித்த தொழில் திண்டிவனம் வட்டாரத்திலேயே கிடையாது. வீடு வீடாகப் போய் எதையாவது விளக்கி வாங்கிக் கட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

முதல் கையெழுத்து

கிளியனூர் தனபால் அண்ணனுக்கு ரெண்டரை ஏக்கர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற நிலம். தண்ணி இல்லாமல் தரிசாகக் கிடந்தது. அவரும் அவர் சம்சாரம் அஞ்சலை அக்காவும் எதிரே உட்கார, நான் தொண்டை வறள விளக்கினேன். "உழாதீங்க, வெட்டாதீங்க. காரைச் செடியும் களாச்செடியும் தானா வரும். பின்னாலயே காடை, கீரி, பூச்சி எல்லாம் வரும். ஆள் வந்து தணிக்கை பண்ணி, எவ்வளவு உயிர் திரும்பி வந்திருக்குதுன்னு அளந்து அதுக்கு கிரெடிட்னு ஒரு மதிப்பு போடுவாங்க. அதை, தாங்க அழிச்ச இயற்கைக்கு ஈடா பெரிய கம்பெனிங்க வாங்கும், உங்களுக்கு வருஷா வருஷம் பணம் வரும்."

அண்ணன் சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கினார்.

"ஏம்மா, சும்மா கெடக்கிறதுக்கே துட்டா? எங்க சின்ன மச்சானக் கூட்டியார்றேன், அவனுக்கு ரெண்டு பங்கு குடு!"

ஒலக்கூர்க்காரர்கள்

ஒரு கையெழுத்து கிடைத்த தெம்பில் ஒலக்கூருக்குப் பறந்தேன். பத்துப் பேர் கூடி, டீயெல்லாம் வாங்கிக் கொடுத்து, தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்கள். பேனாவை நீட்டினேன், ஒருத்தர் கையும் நீளவில்லை. தனபால் அண்ணன் நிலம் தணிக்கையில் தேறாவிட்டால் என் பிழைப்பு அவ்வளவுதான் என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

"கிளியனூர்க்காரருக்கு மொதல்ல பணம் வரட்டும்மா. அப்புறம் பாரு, ஊரே சேந்து சும்மா இருக்கிறோம்."

கேமராவில் சிக்கிய உயிரினம்

என்னென்ன பிராணி வருகிறது என்று பார்க்க, போன வருஷம் தனபால் அண்ணன் நிலத்தில் கேமரா கட்டினேன். எது குறுக்கே போனாலும் தானாகப் படம் எடுக்கும். ஒரு மாசம் கழித்து ஆசையாகத் திறந்தால் நாற்பது படம். ரெண்டில் கீரி. பாக்கி முப்பத்தெட்டிலும் தனபால் அண்ணன், கையில் களைக்கொட்டோடு!

விடிந்ததும் விடியாததுமாய்ப் போய்ச் செடியைப் பிடுங்கிக்கினு இருந்திருக்கிறார் மனுஷன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பக்கத்தில் நின்று படங்களைப் பார்த்த அஞ்சலை அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணனுக்கு மட்டும் துளி வெட்கமில்லை.

"களையப் பாத்தா கை நிக்க மாட்டேங்குதும்மா. நீ வேணா கேமராவ அந்தாண்ட திருப்பிக் கட்டேன்."

தணிக்கை

சென்னையிலிருந்து தணிக்கையாளர் வருவதற்கு முந்தின நாள் அண்ணன் போன் பண்ணினார். குரலில் அப்படியொரு பெருமை. "பெரியவங்க வர்றாங்களே, செடி மண்டி மொதரு மொதரா கெடந்தா நல்லாவா இருக்கும்? நாலு ஆள் வுட்டு ஜல்தியா சுத்தம் பண்ணிட்டேன்!"

ஐயோ! ஸ்கூட்டரை விரட்டிப் போய்ப் பார்த்தால், பாதி நிலம் மொட்டை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், மீதிப் பாதி அப்படியே புதர் மண்டி நின்றது. நடுவில் மஞ்சள் குங்குமத்தோடு ஒரு புற்று. "அங்க மட்டும் யாரும் கை வெக்க மாட்டேன்னுட்டாங்கம்மா. நானே ஒரு வருஷமா அந்தப் பக்கம் போறதில்ல, ஆத்தா குடியிருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அண்ணன்.

மறுநாள் தணிக்கையாளர் அந்தப் புதருக்குள் நுழைந்தவர் ரொம்ப நேரம் வெளியே வரவே இல்லை. காடைக் குஞ்சு, கீரிப் பொந்து, களாச்செடி என்று எழுதிக்கொண்டே போனார். பாதி நிலம் தேறியது! அண்ணன் இளநீர் வெட்டப் போனதும், "இந்தப் பக்கத்தை மட்டும் எப்படிம்மா பாதுகாத்தீங்க?" என்று அஞ்சலை அக்காவைக் கேட்டார். அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆத்தாவாவது ஒண்ணாவது! கேமராவுல அவரு களை புடுங்கற போட்டாவப் பாத்த அன்னிக்கே நான்தான் புத்துல மஞ்சளத் தடவி வுட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க சார், இன்னும் பாதி நெலம் பாக்கி இருக்குது."

அண்ணனுக்குப் பணம் வந்துவிட்டது, ஒலக்கூரில் இப்போது ஆறு கையெழுத்து. நிலத்துக்காரர்கள் எல்லாரும் சும்மா இருக்க, ஸ்கூட்டர் டிக்கியில் மஞ்சள்தூளோடு ஓடிக்கொண்டே இருக்கிறவள் நான் ஒருத்திதான்.